காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பூம்புகார் கோடை முகாம்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கோடை விடுமுறை முகாம்களுக்குப் பஞ்சமில்லை. பங்குனி பிறந்ததும் துண்டுப் பிரசுரங்கள் நாளிதழுக்குள் மடிந்து வந்து விழத் தொடங்கிவிடும். பெரும்பாலானவற்றின் பாடத்திட்டம் ஒன்றேதான்: காலையில் யோகா, பிறகு வண்ணம் தீட்டல், மாலையில் நடனம், கடைசி நாளில் சான்றிதழ். பிள்ளைகள் எதிலும் ஊன்றி நிற்காமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து முழுவதுமாக விலகி, ஒரே நகரம், அதில் நடந்த ஒரே விழா என்று எடுத்துக்கொண்டு பத்து நாள்களையும் அதற்கே ஒதுக்கிய ஒரு முகாமுக்கு இந்தச் சித்திரையில் என் மகளை அனுப்பினேன். பெற்றோரும் உடன் இருந்து பார்க்கலாம் என்பதால் பெரும்பகுதியை நானும் அருகிலிருந்து கவனித்தேன். பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் வளவில் (உள்முற்றத்தில்), உள்ளூர்க் கலை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் முகாம் அது.

அவர்கள் எடுத்துக்கொண்ட நகரம் காவிரிப்பூம்பட்டினம், அதாவது இன்றைய பூம்புகார். விழா இந்திர விழா. செட்டிநாட்டில் இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு இந்த வறண்ட நிலத்துக்குக் குடிவந்தவர்கள் என்பதும், இளையாற்றங்குடி தொடங்கி வேலங்குடி வரை ஒன்பது நகரக் கோயில்களாகப் பிரிந்து நிலைத்தவர்கள் என்பதும் இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கலியாண வீட்டுப் பேச்சில்கூட அந்தக் கடற்கரை நகரம் தலைகாட்டும். ஆனால் அங்கே கோடையில் என்ன நடந்தது, எந்தத் தெருவில் எந்தக் கூத்து ஆடப்பட்டது, விழாவை யார் எப்படி அறிவித்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களுக்கே பதில் தெரியாது. சித்திரை முழுநிலவில் தொடங்கிய அந்த விழா 28 நாள்கள் நடந்தது என்பதையும், வச்சிரக்கோட்டம் என்ற கோயிலின் முரசை யானையின் பிடரியில் ஏற்றி அதை ஊருக்கு அறிவித்தார்கள் என்பதையும், விழாவை மறந்ததால்தான் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது என்பதையும் முதல் நாள் காலையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். கதையாகச் சொன்னதோடு நிற்காமல் கடலோரப் பகுதியான மருவூர்ப்பாக்கம், உள்நகரான பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே பகல் சந்தையான நாளங்காடி என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளைகளை அந்தந்த இடத்தில் நிற்க வைத்துச் சொன்னார்கள்.

முகாமின் உச்சம் என்று நான் கருதுவது, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் ஆடலரங்கைப் பிள்ளைகளே அளந்து கட்டியதைத்தான். மாதவி ஏழாண்டுகள் பயின்று தன் பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடிய அந்த அரங்குக்கு இளங்கோவடிகள் அளவு தருகிறார். அளவுகோல் 24 விரல். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அரங்கின் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருந்தால் மாலைக்குள் மறந்து போயிருக்கும். இவர்கள் பிள்ளைகளை மூங்கில் கடைக்கு அழைத்துப் போனார்கள். கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலாக இருக்க வேண்டும் என்பது நூல் விதிக்கும் நிபந்தனை. கடையில் அடுக்கியிருந்த கழிகளின் மேல் பிள்ளைகள் சாண் வைத்துப் பார்த்துக்கொண்டே போக, கடைக்காரர் முதலில் திகைத்து, விஷயம் தெரிந்ததும் தாமே உள்ளேயிருந்து நல்ல கழிகளை எடுத்து வந்து கொடுத்தார்.

அடுத்த சிக்கல் விரல். யாருடைய விரல்? ஆசிரியர் விடையைச் சொல்லாமல் பிள்ளைகளை வாதிட விட்டார். ஒன்பது வயதுச் சிறுவனின் விரலால் அளந்தால் அரங்கு கட்டில் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நெடிய மனிதர் ஒருவரின் விரலால் அளந்தால் வளவையே அடைத்துக்கொள்கிறது. மிக நெட்டையும் இல்லாமல் குட்டையும் இல்லாமல் நடுத்தர உயரமுள்ள ஒருவரின் பெருவிரலை எடுத்துக்கொள்வதே முறை என்ற முடிவுக்கு அவர்களே வந்து சேர்ந்த பிறகு, உரையாசிரியர்களும் பெருவிரலைத்தான் சொல்கிறார்கள் என்று ஆசிரியர் எடுத்துக்காட்டினார். பெருவிரலின் அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று கொண்டால் கோல் இரண்டு அடி. அரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்டது. தரையிலிருந்து இரண்டு அடி உயரம். கயிறு கட்டி, மூலைமட்டம் பார்த்து, செங்கல்லும் பலகையும் வைத்து அந்த அளவிலேயே மேடை எழுந்தது. கணக்குப் பாடத்தில் ஒதுங்கும் பிள்ளைகள்கூடப் பெருக்கல் போட்டுக்கொண்டு திரிந்ததைப் பார்க்க மனம் நிறைந்தது.

விளக்கு வைத்தது அதற்கும் ஒரு படி மேல். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்பதும் அந்தக் காதையிலேயே வரும் செய்தி. செட்டிநாட்டு வளவில் தூண்களுக்குக் குறைவா? அந்தி சாய்ந்ததும் குத்துவிளக்குகளை ஏற்றிப் பிள்ளைகள் இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஓரிடத்தில் வைத்தால் ஒரு தூணின் நிழல் மேடையைக் குறுக்கே வெட்டுகிறது. அதைத் தவிர்க்க நகர்த்தினால் எதிர்த்தூண் நிழல் உள்ளே நுழைகிறது. மேடையின் முன்னோரத்தில் இரண்டு விளக்கும் பக்கவாட்டில் தூண்களுக்கு உட்புறமாக இரண்டு விளக்கும் வைத்து, எல்லா நிழல்களையும் வெளியே தள்ளிவிட்ட கணத்தில் எழுந்த கூச்சலை அந்தத் தெருவே கேட்டிருக்கும். எழினிகளுக்கு, அதாவது மேடைத் திரைகளுக்கு, வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கிய பழைய கண்டாங்கிச் சேலைகள் பயன்பட்டன. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரு பக்கமும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. மூன்றாவதற்குக் கப்பி வைத்துக் கயிறு போட்டவர் கிணற்றடி வேலை தெரிந்த ஓர் ஐயா. பெட்டியில் மடித்தே கிடந்த சேலைகள், அதிலும் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் நெசவு, பிள்ளைகள் கையில் இப்படி வெளிச்சம் கண்டது தனி மகிழ்ச்சி.

கைவினைப் பகுதியும் விழாவோடு சேர்ந்தே வந்தது. நாளங்காடியில் இருந்த காவற்பூதத்துக்கு மறக்குடிப் பெண்கள் பூவும் புகையும் பொங்கலும் எள்ளுருண்டையும் படைத்ததாகச் சிலம்பு சொல்கிறது. அந்தப் படையலை வைக்கக் கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவது பிள்ளைகளின் பொறுப்பு. சாயமேற்றிய பனங்குருத்தோலையைக் கீறி, ஒரே அகலத்துக்கு வகிர்ந்து, அடிப்பாகம் சதுரமாகவும் விளிம்பு வட்டமாகவும் வரும்படி முடைவதற்கு விரல்களில் பொறுமை வேண்டும். கற்றுக்கொடுத்த ஆச்சி, அவசரப்பட்டு இழுத்த என் மகளிடம், "ஓலை காஞ்சா ஒடியும் ஆத்தா, ஈரத்துணியிலேயே வச்சு எடு, இழுக்காம தள்ளிக் குடு" என்று சொல்லி, அவள் முடைந்ததைப் பாதிவரை பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வைத்தார். மற்ற முகாம்களில் பிள்ளை கோணலாகச் செய்தாலும் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். இங்கே பிரித்துக் கட்டச் சொன்னார்கள். மூன்றாவது கொட்டான் நேராக நின்றபோது அவள் முகத்தில் தெரிந்த பெருமை வேறு வகையானது.

ஆத்தங்குடிக்கு ஒரு காலை அழைத்துப் போனதை மட்டும் பாடத்திட்டத்தோடு ஒட்டாத பகுதி என்று சொல்வேன். தரைக்கல் வார்க்கும் முறை அருமையானதுதான்: கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் சிமெண்டுக் கலவை பூசி மட்டம் தட்டி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். சூளையே கிடையாது, மினுமினுப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி தந்தது. பிள்ளைகள் அதை ரசித்தார்கள். ஆனால் பூம்புகாரோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. செட்டிநாட்டில் நடக்கும் முகாம் என்பதற்காகவே சேர்த்தது போலிருந்தது. அந்த அரைநாளை யாழுக்கோ முழவுக்கோ கொடுத்திருக்கலாம். இசைப்பகுதி இந்த முகாமில் மிகவும் மெலிந்து கிடக்கிறது.

ஆடலைப் பற்றியும் ஒரு குறை உண்டு. மாதவி ஆடிய பதினோராடலில் குடம், குடை, மரக்கால் ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தார்கள். தேர்வு நல்ல தேர்வு. மரக்கால் கட்டி நடக்கப் பழகியதில் எல்லாப் பிள்ளைகளும் விழுந்து எழுந்தார்கள். பாதுகாப்புக்கு வைக்கோலைப் பரப்பியிருந்தது பொறுப்பான ஏற்பாடு. ஆனால் குடக்கூத்தைக் கற்பிக்கும்போது, இன்றைய கரகாட்டமே அது என்று ஆசிரியர் உறுதியாகச் சொல்லிவிட்டார். குடக்கூத்து வாணன் என்ற அசுரனின் நகரத் தெருவில் மாயோன் (திருமால்) ஆடியதாக நூல் சொல்லும் ஆடல். கரகமோ இன்றும் அம்மன் கோயில்களில் வழிபாட்டோடு உயிருடன் இருக்கும் கலை. இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்று சொல்வது வேறு, இரண்டும் ஒன்றே என்று அடித்துச் சொல்வது வேறு. விரலளவைப் பற்றி அத்தனை கவனமாக வாதிட வைத்தவர்கள் இந்த இடத்திலும் அதே கவனத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

சாப்பாடு, குடிநீர், கழிவறை, பெண் பிள்ளைகளுக்கான மேற்பார்வை எல்லாம் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தன. மதிய வெயில் நேரத்தில் பட்டாலையில் பாய் விரித்து ஓய்வெடுக்க விட்டதும் நல்ல முடிவு.

பெரிய ஏமாற்றம் பூம்புகார்ப் பயணம்தான். ஒன்பது நாள்களும் அந்த நகரத்தை வளவில் கட்டியெழுப்பிய பிள்ளைகள், பத்தாம் நாள் அதன் மண்ணை மிதிக்கப் போகிறோம் என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார்கள். ஒரே நாளில் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சாதாரணமாகவே நெடுநேரம் பிடிக்கும் பாதை அது. வேன் தாமதமாகக் கிளம்பியதால் உச்சி வெயிலில்தான் போய்ச் சேர்ந்தோம். கடற்கரை மணல் கால் வைக்க முடியாத சூடு. சிலப்பதிகாரத்தின் கடற்கரைப் பாடல்களான கானல்வரியை அந்தக் கரையிலேயே அமர்ந்து பாடுவதாக இருந்தது. இரண்டு பாடலோடு எழுந்துவிட்டார்கள். 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில், கண்ணகியின் வாழ்வைச் சொல்லும் 49 சிற்பங்களையும் நின்று பார்க்க நேரமில்லாமல் ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம். மாதவி ஆடும் சிற்பத்தின் முன் பிள்ளைகள் அரங்கின் தூண்களை எண்ணத் தொடங்கியபோது, கிளம்பச் சொல்லி விசில் அடித்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் படகுத்துறையும் பல்லவனீச்சரம் கோயிலை ஒட்டிக் கிடைத்த புத்த விகாரையின் அடித்தளமும் திட்டத்தில் இருந்தும் விடுபட்டன. நகரத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டதாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, மிஞ்சியதைக் கண்ணால் காட்டும் இடங்கள் அவைதான். மரக்கம்பங்கள் நட்ட அந்தத் துறையில் படகுகள் வந்து கட்டிய காட்சியைச் சொல்லிக்கொடுக்க அங்கே நிற்பதை விடச் சிறந்த வகுப்பு ஏது? மயிலாடுதுறையிலோ சீர்காழியிலோ ஓரிரவு தங்கி, விடியற்காலையில் கடற்கரைக்குப் போய், வெயில் ஏறுமுன் அகழாய்வு இடங்களையும் பார்த்துவிட்டு, கலைக்கூடத்தை நண்பகலுக்கு வைத்துக்கொண்டால் இந்தக் குறைகள் ஒன்றுகூட வராது. இதைப் பொறுப்பாளர்களிடம் நேரிலும் சொன்னேன். கட்டணம் கூடும் என்று தயங்குகிறார்கள். ஆத்தங்குடிப் பயணத்தையும் நிறைவு விழாவின் பொன்னாடைச் செலவையும் விட்டுவிட்டாலே பெருமளவு சரிக்கட்டலாம் என்பது என் எண்ணம். நிறைவு விழாவில் விருந்தினர் உரைகள் நீண்டுகொண்டே போக, பிள்ளைகள் தாங்கள் கட்டிய அரங்கில் ஆடக் கிடைத்தது கடைசிச் சிறு பொழுதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும், செட்டிநாட்டுப் பக்கம் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இந்த முகாமைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அதற்கும் சிறியவர்களை அனுப்ப வேண்டாம். கொட்டான் முடைவதும் மரக்கால் நடையும் அவர்களுக்குக் கடினம், அளவுக் கணக்குகளும் சலிப்பூட்டும். கட்டணம் இங்குள்ள மற்ற முகாம்களை விடக் கூடுதல்தான். ஆனால் பொருள்கள், சாப்பாடு, பயணம் எல்லாம் அதிலேயே அடக்கம். இயலாத வீட்டுப் பிள்ளைகள் சிலரைக் கட்டணமில்லாமல் சேர்த்திருந்ததையும் கண்டேன். பங்குனி நடுவிலேயே இடம் நிரம்பிவிடுகிறது. பணம் கட்டும் முன் பூம்புகார்ப் பயணம் ஒரு நாளா, ஓரிரவு தங்கலோடு சேர்த்தா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நாள் என்றால் அந்தப் பயணத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு, ஆடி மாதத்தில் வெயில் தணிந்த பிறகு பிள்ளைகளை நீங்களே அழைத்துப் போய்க் கீழையூரிலிருந்து தொடங்குங்கள்.