ரங்கூனில் கடிக்காமல் ஒரு வாரம்

இறங்கிய அன்றே அக்கா லப்பெட் தட்டை நீட்டினாள். ஊறிய தேயிலை, பொரித்த பட்டாணி, பொரித்த பூண்டு, வேர்க்கடலை, எள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இரண்டு வருடமாக ஏங்கிய தட்டு. மூன்றாவது வாயில் ஏதோ நொறுங்கியது. பட்டாணி என்றுதான் நினைத்தேன். துப்பிப் பார்த்தால், இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் இருந்த பழைய அடைப்பு பாதிப் பல்லையும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தது.

திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு இரவு தள்ளினேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிவிட்டது.

அனவ்ரத்தா சாலைப் பக்கம் முதலில் போன கிளினிக்கில் கரண்ட் இல்லை. எக்ஸ்ரே எடுக்க முடியாது, இருங்கள் என்றார்கள். இரண்டு மணி நேரம் விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாம். கரண்ட் போவது அவர்கள் குற்றமில்லை, வாயே திறக்காதது குற்றம். அடுத்த தெருவில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். இனி ரங்கூனில் கிளினிக் தேடினால் போர்டைப் பார்க்க மாட்டேன், காதைத்தான் தீட்டுவேன்.

ஸயாமா, அதாவது டாக்டரம்மா, சின்ன வயதுப் பெண். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, பல் பிடுங்கும் இடுக்கியை வைத்து, "நாலா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் மகள் பதறிவிட்டாள்: "அப்பா, நாலு பல்லா?" வலிக்கிறதா என்று கேட்கிறார் எனச் சொல்ல என் வாய் இடம் கொடுக்கவில்லை. நான் பிறந்த ஊரின் பாஷையை மகளுக்குச் சொல்லிக்கொடுக்காததற்குக் கிடைத்த தண்டனை. பல் ஒன்றுதான். ஒரு தையல்.

சிங்கப்பூரில் ஆகியிருக்கும் செலவில் இது ஒரு சிறு பங்கு. பணம் மாற்றியதுதான் தலைவலி: கையில் இருந்த டாலர் நோட்டில் ஒரு மடிப்பு இருந்ததற்காகக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பர்மாவுக்கு வருகிறவர்கள் நோட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.

ஸயாமா சொன்னவை கண்டிப்பானவை. அரை மணிக்கு மேல் காஸ் துணியைக் கடித்தபடி இருக்க வேண்டும். மரப்பு போகும் வரை எதுவும் தின்னக் கூடாது, கன்னத்தையே கடித்துக்கொள்வோம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாது, அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். சூடு வேண்டாம், சிகரெட் வேண்டாம், ஸ்ட்ரா வேண்டவே வேண்டாம். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து மூடி போட்டிருக்கும். உறிஞ்சினால் மூடி பெயர்ந்துவிடும். எலும்பு வெளியே தெரிந்து, காது வரைக்கும் இழுக்கும் வலி இரண்டு மூன்று நாளில் வரும். ட்ரை சாக்கெட் என்றார். வெளியே வந்ததுமே ஒரு கரும்புச்சாறு வண்டிக்காரர் ஸ்ட்ராவோடு பையை நீட்டினார்!

ரங்கூனில் மெத்தென்ற சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் மேலே மொறுமொறுவென்று ஒன்றைப் போட்டுத்தான் தருவார்கள். ஷான் இனத்தாரின் தொஃபு நுவே கடலை மாவில் கிண்டிய கூழ், பல்லே இல்லாதவரும் சாப்பிடலாம். அதன்மேல் வேர்க்கடலைப் பொடியும் எள்ளும். ஒரு எள் குழிக்குள் போனால் போச்சு. மொஹிங்காவில் அரிசி நூடுல்ஸ் குழைந்திருக்கும், மீன் கரைந்திருக்கும். மேலே சுரைக்காய் பஜ்ஜி. அதனால் அந்த வாரம் நான் அதிகம் பேசிய பர்மியச் சொல் "மதெ நெ", போடாதீர்கள்.

முதல் இரண்டு நாள் அக்கா வீட்டு ஸன் பியோதான், நம் அரிசிக் கஞ்சியேதான். ஆற வைத்து, வலது பக்கமாகச் சாய்ந்து விழுங்கினேன். "தாளிச்சுக் கொட்டவா?" என்று அக்கா கேட்டாள். கடுகும் எள்ளுக்குத் தம்பிதானே, வேண்டாம் என்றேன். மூன்றாம் நாள் டீக்கடை பெ பியோ, வேகவைத்த பட்டாணி, ஸ்பூனால் மசித்து. நானும் பட்டாணியும் ஒருவாறு சமாதானமானோம். ஷ்வே யின் ஏ என்ற இனிப்பு குளுகுளுவென்று தேங்காய்ப்பாலில் வந்தது. ஜவ்வரிசியை மகளிடம் தள்ளிவிட்டுப் பாலை மட்டும் ஸ்பூனால் குடித்தேன்.

தெருமுனை மொஹிங்கா அம்மாவிடம் நான்காம் நாளிலிருந்து தினமும் போனேன். என் கிண்ணத்தை முதலில் ஊற்றி ஓரமாக ஆற வைத்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கவனிப்பார். அதற்கு யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை. எட்டாம் நாள் காலை தையல் பிரித்துவிட்டு நேராக அங்கே போனேன். வழக்கம்போல் பஜ்ஜி இல்லாமல் கிண்ணம் வந்தது. "தெ பா" என்றேன், போடுங்கள். அவர் என் கன்னத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரே ஒரு துண்டை எடுத்துக் குழம்புக்குள் அமுக்கி ஊற வைத்துக் கொடுத்தார்.