இட்லிப் பொட்டலத்துடன் தெப்பக்காடு வரை

பொங்கல் கழிந்த வாரத்தில், ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு டொரன்டோவிலிருந்து உதகைக்குச் சென்றிருந்தேன். நான் தங்கிய விடுதியின் வரவேற்பு மேசையில், 'வனத்துக்குள் காலைச் சிற்றுண்டி' என்ற பெயரில் இருவருக்கு 4,500 ரூபாய் என்று முதுமலைக் காட்டுக்குள் ஒரு ஜீப் பயணத்தை விளம்பரம் செய்திருந்தார்கள். ஆசையாகத்தான் இருந்தது. பள்ளித் தோழனிடம் அதைக் காட்டியபோது, "காட்டுக்குள்ள வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டாங்க, எங்கடா இலை போடுவாங்க?" என்று சிரித்தான். முதுமலை 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 321 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதன் உள்வட்டத்தில் வனத்துறையின் வாகனத்தைத் தவிர வேறெதிலும் சுற்றிப் பார்க்க முடியாது என்பதை ஊர்க்காரன் அறிவான். பணத்தை வாங்கிக்கொள்ளும் விடுதிக்காரர்களும் அறிவார்கள் என்றே நினைக்கிறேன். தோழன் வீட்டிலேயே இட்லி அவித்துக் கட்டிக்கொண்டு, முதுமலையின் தெப்பக்காட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று.

கோவையிலிருந்து நான் வாடகைக்கு எடுத்து வந்த காருக்கு, நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் பெற்றிருந்தேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே பதிவு செய்யலாம் என்பதால், இந்தியக் கைபேசி எண் இல்லாத எனக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உதகைக்கு ஏறிவர அனுமதி பெற்ற அந்த வண்டி, கல்லட்டி மலைப்பாதையில் மசினகுடிக்கு இறங்க முடியாது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துப் பாதையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் விபத்துகள் நடந்ததால், வெளி மாவட்ட வண்டிகளைக் கீழே விடுவதில்லை. இது எனக்கு நண்பன் சொல்லித்தான் தெரியும். அந்தப் பாதை தொடங்கும் தலைக்குந்தாவில் புல்வெளியெங்கும் உறைபனி வெளுத்துக் கிடந்த அந்த அதிகாலையில், வெளியூர்க் குடும்பம் ஒன்றைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, கூடலூர் வழியாக ஏறத்தாழ இரு மடங்கு தூரம் சுற்றிப் போகுமாறு பணிவாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். விதி சரியானதே, அதை உதகை நகருக்குள்ளேயே பெரிய பலகையில் எழுதி வைத்திருந்தால், பின்னிருக்கையில் கம்பளிக்குள் சுருண்டிருந்த அந்தப் பாட்டியம்மாளுக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காது. நாங்கள் டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் கொண்ட நண்பனின் வண்டியில், இரண்டாம் கியரைத் தாண்டாமல் இறங்கினோம்.

தெப்பக்காட்டில் வனத்துறையின் பேருந்துக்குச் சீட்டு எளிதாகவே கிடைத்தது. புள்ளிமான் கூட்டங்களும் ஒற்றைக் காட்டெருமையும் மயில்களும் கண்ணில் பட்டன. சாலையின் இருபுறமும் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதால், பத்தடிக்கு அப்பால் யானையே நின்றாலும் தெரியாது. புலியைக் காட்டவில்லை என்று ஓட்டுநரிடம் சண்டைக்குப் போன ஒருவருக்காக நான்தான் வெட்கப்பட்டேன்.

அன்றைய காலையில் உண்மையிலேயே ஒழுங்காக நடந்த சிற்றுண்டி யானைகளுடையது. தெப்பக்காட்டிலுள்ள பழமையான யானைகள் முகாமில், கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் தனித்தனியே வெந்து மேடையில் பாளம் பாளமாக அடுக்கப்பட்டிருந்தன. இன்ன யானைக்கு இன்னது இத்தனை என்று மருத்துவர் வகுத்த அளவுப்படி, வெல்லம், உப்பு, தேங்காய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, தலையளவு உருண்டைகளாக்கி, பாகன்களும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களும் வாய்க்குள்ளேயே ஊட்டினார்கள். முறை வரும்வரை கும்கிகள் வரிசையில் அசையாமல் நின்றதைப் பார்த்து, "நம்ம கல்யாணப் பந்தியை விட மேல்" என்றான் நண்பன். பார்வையாளர்கள் கயிற்றுக்கு இப்பால் நிற்க வேண்டும். முன்புபோல் அருகே போய்த் தொட முடியாதது யானைக்கும் நமக்கும் நல்லது.

எங்கள் பொட்டலத்தை அங்கே பிரிக்கவில்லை. சோற்றுப் பருக்கைக்குப் பழகிவிட்டால் குரங்கும் மானும் சாலையை விட்டு நகராது என்பதால், காப்பகச் சாலையில் வண்டியை நிறுத்துவதும் தின்பதும் தண்டனைக்குரியவை. ஏழெட்டுக் கிலோமீட்டர் திரும்பி வந்து, மசினகுடியில் ஒரு தேநீர்க் கடை விசுப்பலகையில், கடைக்காரரின் அனுமதியோடு வாழையிலையை விரித்தபோது மணி பத்தரை ஆகியிருந்தது. ஆறிப்போன இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி போதாதா என்ன. அவர் சூடாகத் தேங்காய்ச் சட்னியும் ஊற்றி, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கைபேசியில் பணம் செலுத்தும் வசதி அங்கேயும் வந்துவிட்டது; வெளிநாட்டு அட்டையைத்தான் அங்கே வாங்குவதில்லை. ஆகவே சில்லறையும், ஞெகிழித் தண்ணீர்ப் புட்டிக்கு மாவட்டம் முழுவதும் தடை இருப்பதால் ஓர் எவர்சில்வர் புட்டியும் கையில் இருக்க வேண்டும். சாவடியருகே இருந்த கழிப்பறையில் தண்ணீர் இருந்தது, தாழ்ப்பாள் இல்லை.

கல்லட்டியில் ஏறுவதற்கு வெளி மாவட்ட வண்டிகளுக்கும் தடையில்லை என்பதால், கூடலூர் வழியே போய் இப்பாதையில் திரும்பலாம். தலைக்குந்தாவில் பார்த்த குடும்பத்தாரின் வண்டி, நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மசினகுடியைக் கடந்து ஏற்றத்தை நோக்கிப் போயிற்று. பாட்டியம்மாள் கம்பளியை எப்போதோ கழற்றியிருந்தார்.