கூன் முதுகும் மூச்சும்: கை சிகிச்சையா, பயிற்சியா, பெல்ட்டா?

மேல் முதுகு வளைந்திருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் அழுத்திச் சரிசெய்கிறேன் என்பார், ஒருவர் தினமும் பயிற்சி செய்யச் சொல்வார், இன்னொருவர் பெல்ட்டை நீட்டுவார். எது சரி என்பது உங்கள் கூன் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

தலையணை இல்லாமல் தரையில் மல்லாந்து படுங்கள். முதுகு படிந்துவிட்டால் அது இளகிய கூன். கம்ப்யூட்டர், தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடப்பவர்களுக்கு வருவது. தலை தரையைத் தொடாமல் நின்றால் இறுகிய கூன். மேல் முதுகின் 12 எலும்புகளோடு 12 ஜோடி விலா எலும்புகள் சேர்ந்திருக்கின்றன. அந்த மூட்டுகள் இறுகினால் விலாக்கூடு விரியாது, மூச்சும் மேலோட்டமாகிவிடும். ஆனால் லேசான கூன் மட்டும் ஒருவரைத் திணற வைக்காது. திணறல் இருந்தால் முதலில் ஆஸ்துமா, ரத்தசோகை, இதயம் எல்லாவற்றையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

சரி, கை சிகிச்சை. குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையின் அடியால் சீராக அழுத்தி மூட்டுகளை இளக்குவார்கள். நெஞ்சுத் தசையையும் விலா இடுக்குகளையும் நீவி விடுவார்கள். நான் ஆறு முறை போனேன். ஒவ்வொரு முறை எழுந்ததும் நெஞ்சில் ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் பழைய குறுகல் திரும்பியது. அந்தச் சுகம் பொய்யில்லை, நிலைப்பதில்லை, அவ்வளவுதான்.

ரீல்ஸில் முதுகை வெடுக்கென்று அழுத்தும்போது வரும் 'டப்' வேறு சங்கதி. எலும்பு இடத்தில் உட்காருகிற சத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூட்டுத் திரவத்தில் வாயுக் குழி உண்டாகும் சத்தம், வீட்டில் நெட்டி முறிப்பதும் இதேதான். இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் எலும்பு மெலிந்தவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இப்படி அழுத்துவது கூடவே கூடாது, அந்த வேகத்தில் விலாவோ முதுகெலும்போ நொறுங்கலாம். அம்மாவின் கூன் இரண்டு மூன்று வருடத்தில் கூடி, உயரமும் குறைந்திருந்தால் கை வைக்கும் முன் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

பயிற்சி மெதுவானது, அலுப்பானது. அமெரிக்காவில் 60 வயது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள், ஆறு மாதம் முதுகுத் தசைப் பயிற்சி கொடுத்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் வளைவு சுமார் 3 பாகை குறைந்திருந்தது. இவ்வளவு பாடுபட்டு மூன்றுதானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகிற கோணம் இது, குறைந்ததே பெரிது.

பெல்ட் விஷயத்தில் என் எண்ணம் மாறியது. ஜெர்மனியில் எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கிய 62 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் வந்தது. ஆறு மாதம் பெல்ட் போட்டவர்களுக்கு வளைவு 11 சதவீதம் குறைந்தது, மூச்சுக் கொள்ளளவு 7 சதவீதம் கூடியது. பள்ளிப் பை மாதிரி மாட்டிக்கொள்ளும், முதுகில் அலுமினியப் பட்டை உள்ள பெல்ட் அது. தினமும் கொஞ்ச நேரம்தான். தோளைப் பின்னால் இழுக்கும் ஆன்லைன் நாடா வேறு, அதை இறுக்கிக் கட்டினால் விலா விரியத்தான் தடையாகும்.

என் தேர்வு: இறுகிய கூனுக்கு முதல் சில வாரம் கை, கூடவே பயிற்சி. இளகிய கூனுக்குக் கைக்குக் கொடுக்கும் காசு வீண், பயிற்சி போதும். எலும்பு மெலிந்தவர்களுக்கு மருத்துவர் சொன்னால் அந்தப் பட்டை பெல்ட்டும், பதமான பயிற்சியும்.

எதைத் தொடங்கினாலும் முதல் நாளே இன்ச் டேப்பை மார்பில் சுற்றி, முழுக்க மூச்சை விட்டு ஓர் அளவு, முழுக்க இழுத்து ஓர் அளவு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி பாருங்கள். இளவயதில் வித்தியாசம் 2.5 செ.மீ.கூட வராமல், காலையில் முதுகு விறைத்தும் கிடந்தால் பெல்ட், கை எல்லாம் அப்புறம். முடக்குவாத மருத்துவரிடம் போங்கள், முதுகெலும்பை இறுக்கும் வாதமாக இருக்கலாம்.