கருப்பனின் படர்தாமரைக்கு வாங்கிய ஷாம்பு

பாம்பனில் கடலை ஒட்டி எங்கள் வீடு. கருப்பன் நாட்டு நாய். திண்ணையோரம் கிடந்த பழைய வலைக் குவியல்தான் அவனுக்குப் படுக்கை. ஐப்பசி மழையில் அது காயவே இல்லை. அவன் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவுக்கு முடி கொட்டி, சாம்பல் பூத்த மாதிரி செதில் கட்டியது. சொறி என்று வேப்பெண்ணெய் தடவி விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் பேத்தியின் முழங்கை மடிப்பில் சிவப்பு வளையம். அவனைக் கட்டிக்கொண்டு விளையாடுகிற கை அது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் பூசினோம். நாலு நாள் அடங்கி, அப்புறம் இரண்டு மடங்காகப் படர்ந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அதனால்தான் படர்ந்தது என்று தோல் டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் புண் ஓரத்து முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். "படர்தாமரை. பூஞ்சைம்மா, மனுசருக்கும் ஒட்டும். வீட்டில் சர்க்கரைக்காரர் உண்டா?" என்றார். என் மாமியார் இருக்கிறார். பூஞ்சையைக் கொல்லும் இட்ராகோனசோல் மாத்திரையோடு, மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் தலா 2% சேர்ந்த ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு முறை அதில் குளிப்பாட்டச் சொன்னார்.

ஷாம்பு நல்ல ஷாம்பு. ஆனால் நுரை 10 நிமிடம் உடம்பில் ஊற வேண்டும், நாய் அதை நக்கவும் கூடாது. எங்கள் போர் உப்புத் தண்ணீரில் நுரையே வரவில்லை. விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு குடம் ஒதுக்கினேன். அவித்த சூடை மீனை முள் எடுத்து, கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தால் கருப்பன் அசையாமல் நிற்கிறான். மூன்றாவது வாரம் அந்த வழுக்கையில் பூனைமயிர் மாதிரி கருப்பு அரும்பியது. விரலால் தொட்டுப் பார்க்க ஆசை. கையுறை போட்டுத்தான் தொட்டேன். தோல் மட்டும் கொஞ்சம் வறண்டு போகிறது.

ஷாம்பு மட்டும் போதாது. உதிர்ந்த முடியில் இந்தப் பூஞ்சை ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்குமாம். வலைக் குவியலை அப்புறப்படுத்தினோம். தினமும் முடியைக் கூட்டி அள்ளி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைத் துடைத்தோம். பேத்திக்குத் தோல் டாக்டர் தந்த மருந்தில் வளையம் மறைந்துவிட்டது.

கம்பெனிக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட்டிலில் எல்லாமே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அந்த 10 நிமிடத்தையாவது தமிழில் பெரிதாகப் போடுங்கள். டாக்டர் சொல்லாமல் இருந்தால் நான் உடனே கழுவி விட்டிருப்பேன்.