மையம் விலக்கிக் கடைய எக்சென்ட்ரிக் சக்: வாங்கலாமா?

வயிறு ஒரு மையத்தில், வாய் இன்னொரு மையத்தில் என்று மரக் குடுவை கடைவதற்கென்றே வரும் சக் (லேத்தில் கட்டையைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பான்) இது. பிராண்டு பெயர் கிடையாது. பெட்டிக்குள் ஓர் அளவுத்தாள் மட்டும் இருக்கும். ஆன்லைனில் பலர் விற்கிறார்கள். பெங்களூரில் மொட்டைமாடியிலும் கார் ஷெட்டிலும் மினி லேத் போட்டிருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சக்கை அல்ல, தங்கள் லேத்தின் குறைந்தபட்ச வேகத்தை. நிமிடத்துக்கு 450 சுற்றுக்குக் கீழே இறங்காத லேத் என்றால் இந்தச் சக்கை வாங்க வேண்டாம்.

காரணம் கணக்கில் இருக்கிறது. சக்கின் பின்தட்டு ஸ்பிண்டிலில், அதாவது லேத்தின் சுழலும் தண்டில், ஏறுகிறது. அதன் டவ்டெயில் காடியில் (உள்ளே அகன்று வாய் குறுகிய பள்ளத்தில்) முன்தட்டு 25 மி.மீ. வரை நகர்கிறது, முன்தட்டில் நம் வழக்கமான நான்கு தாடை சக்கைப் பூட்டுகிறோம். ஆக, விலகுவது கட்டை மட்டுமல்ல, அந்த நான்கு தாடை சக்கும் சேர்ந்துதான். இரண்டும் சேர்ந்து இரண்டரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. விலக்கி 600 சுற்றில் ஓட்டினால் ஸ்பிண்டிலைச் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் இழுக்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுப்பு நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 48 கிலோ. 300 சுற்றில் அது 3 கிலோதான். லேத் மேசையோடு நடந்து போவது ஏன் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

எதிரெடை மாட்ட இரண்டு துளை கொடுத்திருப்பது இந்தச் சக்கின் நல்ல அம்சம். மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றி விடுங்கள். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நின்றால் சமன் ஆகிவிட்டது. உள்ளே குடைய மரம் குறையும், சமன் மாறும். பாதி குடைந்ததும் மறுபடி பார்க்காமல் வேகத்தைக் கூட்டக் கூடாது.

குறைகள் இனி. முன்தட்டை இறுக்கும் இரண்டு எம்6 ஆலன் போல்ட்டுகள் மென்மையானவை. சில முறை இறுக்கியதும் தலைக்குழி உருண்டுவிடுகிறது. 12.9 கிரேடு (மிக வலுவான எஃகு) போல்ட் வாங்கி மாற்றிவிடுங்கள். நகர்வைக் காட்டும் கோடுகளை நம்பாமல் வெர்னியரால் அளப்பது நல்லது. பெரிய சிக்கல் மரை. சக் எம்33 (33 மி.மீ.) மரையில் வருகிறது, நம் மினி லேத்துகளில் பெரும்பாலும் ஓர் அங்குலத் தண்டு, அங்குலத்துக்கு 8 மரை. கூடவே தரும் அடாப்டரைப் போட்டால் சக் முன்னால் தள்ளி நிற்கும், அதிர்வு கூடும். பீன்யா தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் லேத்தின் மரைக்கே பொருந்தும் பின்தட்டு கடைந்து வாங்குவது மேல். அதில் ஸ்பிண்டிலோடு இறுக்கிப் பிடிக்க ஒரு கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத சிறு திருகு) வைக்கச் சொல்லுங்கள். வேகக் கட்டுப்பாட்டு லேத் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது இவ்வளவு எடையும் தானாகக் கழன்று வர வாய்ப்புண்டு.

சுவர்க் கனத்தைப் பென்சிலில் போட்டுப் பார்த்துவிட்டே நகர்த்துங்கள். வெளிவிட்டம் 120, உள்விட்டம் 80 என்றால் சுவர் சுற்றிலும் 20 மி.மீ. மையத்தை 12 நகர்த்தினால் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 32. தட்டு நகர்கிறதே என்று 25-க்கும் தள்ளினால் பக்கவாட்டில் பொத்தல்தான். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த சுவர் சீராகக் காயாது, பச்சை மரத்தில் பெரும்பாலும் விரிசல் விடும். 12 சதவீத ஈரத்துக்கு மேல் உள்ள கட்டையைத் தொடாதீர்கள்.

உளி பாதிச் சுற்று காற்றில், பாதிச் சுற்று மரத்தில். அதனால் உளியின் சாய்வான பட்டையை மரத்தில் சாய்த்து வழிகாட்ட விட முடியாது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் ஊன்றிய கைதான் வழி. மிக மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு பிய்ந்து வரும். சுற்றும்போது விளிம்பு நிழலாகத்தான் தெரியும், விரல் போவது அங்கேதான். ஸ்விட்ச் போடுமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பதும் முகக் கவசமும் கட்டாயம். லேத்தை நிறுத்திவிட்டு உப்புத்தாளால் கையில் தேயுங்கள், இல்லாவிட்டால் கூர்மையான விளிம்பெல்லாம் மழுங்கிவிடும்.

மரத்துக்கு மைசூரு ரோடு டிம்பர் யார்டு பக்கம் தேக்குத் துண்டு கிடைக்கும். நெருக்கமான ரேகை வேண்டுமென்றால் சென்னபட்டணத்தில் பொம்மை கடையும் வெட்பாலை. ஆனால் அங்கே செய்வதுபோல அரக்குக் குச்சியை ஓடும் மரத்தில் அழுத்தி, உராய்வுச் சூட்டில் உருக்கி, தாழை ஓலையால் மெருகேற்றும் வேலை இதில் எடுபடாது. குச்சி விட்டுவிட்டுப் படுவதால் அரக்கு விளிம்பில் திரளும். எண்ணெய் பூச்சு போதும்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு குடுவை கடைபவருக்கு இந்தச் சக்கே அதிகம். அடியில் ஒரு வேண்டாத கட்டையை ஒட்டி, ஃபேஸ்பிளேட்டை (ஸ்பிண்டிலில் ஏறும் துளைத் தட்டு) அதில் ஸ்க்ரூ போட்டு, வெளிப்புறம் முடிந்ததும் 12 மி.மீ. தள்ளிப் புதுத் துளையில் பூட்டினால் அதே கோணல் கிடைக்கும். ஸ்க்ரூ 20 மி.மீ. ஆவது இறங்க வேண்டும். கறுப்பு டிரைவால் ஸ்க்ரூ மட்டும் வேண்டாம், வளையாமல் பட்டென்று முறியும்.