உய்த்தறிவதா, தொகுத்தறிவதா?

கிளிநொச்சியில் மீள்குடியேறிய குடும்பங்களின் கடனை ஆராயப் போகிறீர்கள். உய்த்தறி முறையென்றால் கோட்பாட்டில் தொடங்கி, "வருமானம் குறையக் கடன் கூடும்" எனக் கருதுகோள் வைத்து, மாறிகளை (வருமானம், கடன் போல அளக்கக்கூடியவற்றை) வரையறுத்து, வினாக்கொத்தோடு 200 வீடு ஏறலாம். தரவு பொருந்தாவிட்டால் கருதுகோளைக் கைவிடலாம், அதுதான் பலம். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் வராது. இரணைமடுக் குளத்தில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணி காணாத வருசம் அடகுக்குப் போன தாலிக்கொடி, "மாத வருமானம்" என்ற கட்டத்துக்குள் அடங்குமா?

தொகுத்தறி முறை விறாந்தையில், தேத்தண்ணியோடு தொடங்கும். கதை கேட்டு, சொன்னதைக் கருப்பொருள் வாரியாகக் குறியிட்டு, ஒப்பிட்டு, கோட்பாட்டைக் கீழிருந்து கட்டும். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்தது இதன் ஒரு வடிவம். ஆனால் பத்துப் பேர் சொன்னதை வன்னி முழுவதற்கும் ஏற்ற முடியாது. ஒலிப்பதிவை எழுத்தாக்குவதோ தனி வதை!

நானென்றால் முதலில் விறாந்தை, பிறகுதான் வினாக்கொத்து.