விசேஷ வாசலுக்கு மொரம்பு அடிக்கிறீங்களா? லோடு கணக்கை நம்பாதீங்க

பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்து வீடு, வைகாசியில் காதுகுத்து. வீட்டு முன்னாடி 40 அடிக்கு 30 அடி மண் வாசல். ஜேசிபி, மொரம்பு (கல் கலந்த செம்மண்), லெவல் எல்லாத்தையும் தானே முடிச்சுக் கொடுப்பதாகச் சொல்லி ஒருத்தர் மொத்தமாகப் பேசி, பணத்தையும் முழுசா வாங்கிக்கிட்டார். முந்தின நாள் சாயங்காலம் அரை மணி நேர மழைதான் பெய்தது. அதுக்கே பந்தக்கால் நாலு சாய்ந்தது, சாப்பாட்டு மேசைக் கால்கள் மண்ணில் இறங்கின, பாத்திரம் ஏற்றி வந்த வண்டி கேட்டைத் தாண்ட முடியவில்லை. போன் போட்டால் ஆள் எடுக்கவே இல்லை. அந்த வேலையில் எது எங்கே தப்பு என்று அடுத்து வாசல் போடப்போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல் ஏமாற்று அளவில். 1 யூனிட் என்றால் 100 கன அடி. 1,200 சதுர அடி வாசலில் இறுகின பிறகு 4 அங்குலம் நிற்க 400 கன அடி வேணும். உதிரி மண் இறுகும்போது சுமார் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும், அதனால் 500 கன அடி, அதாவது 5 யூனிட் இறக்கணும். பேசினதும் அதேதான். ஆனால் 'ஒரு டிராக்டர் லோடு ஒரு யூனிட்' என்று சொல்லி 5 லோடு அடித்தார்கள். அந்த டிரெய்லரின் உள்ளளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், மண் நின்ற உயரம் ஒண்ணேகால் அடி. பெருக்கினால் 75 கன அடி. 5 லோடும் சேர்ந்து 375 தான், ஒண்ணேகால் யூனிட் குறைவு. மேலே கூம்பாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறாதீங்க. மண்ணைச் சமமாகத் தட்டச் சொல்லி, டேப் வைத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் வண்டி கொட்டும் முன்னாடியே அளந்து எழுதுங்க. கொட்டின பிறகு எந்தக் கணக்கும் நிற்காது.

அதைவிடப் பெரிய ஏமாற்று மண்ணில். நம்ம பக்கம் நிலத்து மேல்மண்ணும் செவப்பு, மொரம்பும் செவப்பு. லோடின் மேலே அரையடி நல்ல மொரம்பு, அடியில் கல்லே இல்லாத வயல் மண். காய்ந்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது, நனைந்தால் குழம்பாகிவிடும். கடப்பாரையை லோடுக்குள் நாலு இடத்தில் இறக்கி, அடி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்க. ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அந்த மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், கல்லும் மணலும் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்காரும். அப்படி உட்காருவதுதான் பெரும்பங்காக இருக்கணும். தண்ணீர் மணிக்கணக்கில் கலங்கியே நின்று, அடியில் கொஞ்சம்தான் தங்கினால் அது களிமண், வாசலுக்கு ஆகாது. அதுக்காக வெறும் கல்லாகவும் இருக்கக் கூடாது, பிடிப்புக்குக் கொஞ்சம் களிமண் வேணும். வண்டிக்கு நடைச்சீட்டு (மண் ஏற்றிப்போக அரசு தரும் அனுமதிச் சீட்டு) இருக்கா என்றும் கேளுங்க. இல்லாமல் ஓடுகிற வண்டி வழியில் பிடிபட்டால் நின்றுபோவது உங்க வேலை.

மூன்றாவது, இறுக்கவே இல்லை. புல்லையும் வேரையும் செதுக்காமல் அதன் மேலேயே கொட்டி, ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். புல் மக்கினால் அடியில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். மேல் புல்லைச் செதுக்கி அள்ளியபின் மொரம்பை ரெண்டு தடவையாக, ஒவ்வொரு தடவையும் இரண்டரை அங்குலம் பரப்பணும். தண்ணீர் தெளித்து, ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க. உருண்டை நிற்கணும், கையில் தண்ணீர் வடியக் கூடாது. அந்தப் பதத்தில்தான் ரோலர் ஓட்டணும். ரோலர் கிடைக்காவிட்டால் டிராக்டர் சக்கரத்தை ஒரு தடம் விடாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டலாம். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னாடியே முடித்தால் இடையில் குழி விழும் இடம் தெரிந்துவிடும். சாணி தெளிப்பது கடைசியில், மெல்லிசாக.

வாட்டம் வீட்டிலிருந்து தெருப்பக்கம் போகணும், 5 அடிக்கு 1 அங்குலம். 30 அடிக்கு 6 அங்குலம் இறக்கம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது, தண்ணீர் மட்டும் ஓடிவிடும். கண்ணளவில் விடாமல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பின டியூபால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொல்லுங்க. அந்த வீட்டில் வாட்டம் திண்ணைப் பக்கம் இருந்தது, அவ்வளவு தண்ணீரும் காதுகுத்து மேடை போட்ட இடத்தில் தேங்கி நின்றது.

ஜேசிபி மீட்டரிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம் 2.4 என்றால் 2 மணி 24 நிமிஷம். மணிக்கணக்கில் பேசினால் அதை 2 மணி 40 நிமிஷம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு, ஒவ்வொன்றும் 6 நிமிஷம். வேலை ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் மீட்டரைப் போட்டோ எடுத்து வையுங்க.

பந்தல்காரர் வந்தால் புது மண் எத்தனை அங்குலம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடணும். குழி புது மண்ணைத் தாண்டிக் கெட்டி மண்ணுக்குள் ரெண்டு அடி இறங்கணும். இரும்புக் கால் என்றால் அடியில் ஒரு அடி சதுரப் பலகைக்கல் வையுங்க, கிருஷ்ணகிரி பக்கம் கல்லுக்கா பஞ்சம்? இழுவைக் கயிற்று முளையைப் பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்கணும், நேராக அடித்தால் காற்று வந்ததும் பிடுங்கிக்கொள்ளும். பந்தல் ஓரம் சொட்டும் தண்ணீருக்கு 9 அங்குல அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, தெருப்பக்கம் திருப்பிவிடுங்க.

பணம் பாதிதான் முதலில். மீதியைக் கொடுக்கும் முன்னாடி வாசலில் ஹோஸ் போட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் விடுங்க. மறுநாள் காலையில் அதன் மேல் ஒரு டிராக்டர் ஓடட்டும். தடம் ஒரு அங்குலத்துக்கு மேல் பதிந்தால், அதைக் கொத்தி மறுபடி இறுக்கிக் கொடுத்த பிறகுதான் மீதிப் பணம் என்று வேலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்க.